சண்டே மார்க்கெட் வெள்ளி மணிமாலை: எந்த ஊர் வேலை?

முத்தியால்பேட்டை எழுதியது:

வணக்கம். புதுச்சேரி சண்டே மார்க்கெட் நடைபாதைக் கடைச் சரக்கு இது. விற்றவர் சொன்ன ஜாதகம்: "பிரெஞ்சுக்காரன் காலத்துது, சைகோன் வெள்ளி" (சைகோன், பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாம் நகரம்). அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கத்தான் இந்த இழை. படங்கள் கீழே. படம் திறக்காதவர்களுக்கு விவரம் எழுதிவிடுகிறேன்.

மொத்தம் 31 மணி. நூல், பூட்டு எல்லாம் சேர்த்து 78 கிராம். பெரிய உருண்டை 5, குறுக்களவு 18 மி.மீ., ஒவ்வொன்றும் 7.2 முதல் 8.4 கிராம். நடுவில் முறுக்குக் கம்பி ஒட்டியானம் மாதிரி ஓடுகிறது. மேலும் கீழும் ரவையால் (பொடி வெள்ளி உருண்டைகளால்) முக்கோணங்களும் சாய்சதுரங்களும். அடுத்தது வரி விழுந்த பரங்கிக்காய் மணி 8, 14க்கு 12 மி.மீ., தலா 3.1 கிராம் சுமாருக்கு. மூன்றாவது இடைமணி 18, குறுக்களவு 6 மி.மீ., தலா 0.63 கிராம், புள்ளி புள்ளியாக ரவை, பள்ளமெல்லாம் கறுப்பு.

மணிகளில் முத்திரை எதுவும் இல்லை. பூட்டின் நாக்கில் மட்டும் ஒரு பறவை, மிகச் சிறிது, வாத்து போலத் தெரிகிறது.

நெல்லித்தோப்பு எழுதியது:

சண்டே மார்க்கெட்டில் சைகோன்னு சொல்லாத வெள்ளி உண்டா பாஸ்? கறுத்திருந்தா சைகோன், வெளுத்திருந்தா பாரிஸ்.

கெடிலக்கரை எழுதியது:

மூன்று வகை மணி இருந்தால் மூன்று கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த மாலை எந்த ஊர்" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மணிமாலை நூல் அறுந்து அறுந்து மறுகோர்ப்பு ஆகிக்கொண்டே கைமாறுவது. கடைசியாகக் கோர்த்தவர் கையில் இருந்ததையெல்லாம் சேர்த்துத்தான் நீளம் கட்டியிருப்பார்.

இரண்டாவது, டிசைனைப் பார்த்து ஊர் சொல்ல வேண்டாம். ரவை முக்கோணம் ஏமனிலும் உண்டு. ரவை வைத்த மணி பாலித் தீவின் செலுக் கிராமத்திலும் உண்டு. இரண்டையும் பார்த்து ஜெய்ப்பூர்ப் பட்டறைகளும் செய்கின்றன. நம் ஊர் நகையிலும் ரவை வேலை இல்லாமலா? படத்தைப் பார்த்து எவரும் டிசைனை எடுத்துவிடலாம். மணியை மூடிய விதம், துளைக்கு விளிம்பு கட்டிய விதம், பற்றவைத்த பொடி, இவைதான் பட்டறைக்குப் பட்டறை மாறும்.

10 மடங்கு லென்ஸ் ஒன்று எடுங்கள். மொபைல் டார்ச்சை மேலிருந்து காட்டாமல், மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் வெள்ளி பளபளத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். முதலில் துளையைப் பாருங்கள். தகட்டைக் குத்தித் திறந்திருந்தால் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். துரப்பணம் போட்டிருந்தால் உள்சுவரில் சுற்றுக்கோடுகள் தெரியும். கம்பி வளையம் பற்றவைத்திருந்தால் வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் ஒரு வடு இருக்கும். எந்த வகைக்கு எது என்று மூன்று வகைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு சொல்கிறேன். வட தாய்லாந்தில், சியாங் மாய் பக்கம், கரேன் மக்கள் செய்யும் மணிகளில் தகட்டைச் சுருட்டி மூடிய மூட்டு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். பூ, சுழி, கோடு எல்லாம் எஃகு முளையால் ஒவ்வொன்றாக அடித்தது. இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. வெள்ளி 95 டச்சுக்கு (நூற்றுக்கு 95 பங்கு சுத்தத்துக்கு) மேல் இருப்பதால் மெத்தென்றிருக்கும், துளை விளிம்பு சீக்கிரம் விரியும். உங்கள் மணி எதுவும் அந்த ரகம் இல்லை என்று படத்திலேயே தெரிகிறது. நல்ல பாலி மணியில் ரவை மிகப் பொடிசு, வரிசை பிசகாது, பள்ளத்தைக் கந்தகக் கரைசலால் கறுப்பேற்றி மேட்டை மட்டும் மெருகிட்டிருப்பார்கள். உங்கள் இடைமணி அந்தச் சாயலில் இருக்கிறது. சாயல் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன்.

சாமணம் எழுதியது:

அண்ணன் சொன்னதோட ரவையைப் பத்தி கொஞ்சம் சேர்த்துக்கறேன், ஏன்னா கைவேலையா வார்ப்பான்னு அதுலதான் சட்டுனு பிடிபடும்.

வெள்ளிக் கம்பிய ஒரே அளவா நறுக்கி, கரித்தூளோட கலந்து மூசையில (உருக்குற கிண்ணத்துல) போட்டு ஊதினா ஒவ்வொரு துண்டும் தன்னால உருண்டை ஆகிடும். கரித்தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவிடாது. அப்புறம் சல்லடையில அளவு பிரிக்கிறது. என்னதான் சலிச்சாலும் முடி அளவு வித்தியாசம் நிக்கும். ஒரு முக்கோணத்துல பத்து ரவை இருந்தா ஒண்ணு ரெண்டு சின்னதாவோ கொஞ்சம் தள்ளியோ உக்காந்திருக்கும். அது இருந்தா கைவேலை.

ஒட்டுறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பொடி. வெள்ளி மூணு பங்கு, பித்தளை ஒரு பங்கு உருக்கி, அரத்தால ராவின தூளை வெங்காரத்தோட தூவி ஊதுறது. பொடி கூடிப்போச்சுன்னா ரவைக்கு அடியில குளம் கட்டும், உருண்டை பாதி முங்கிடும். இன்னொண்ணு பொடியே இல்லாம, செம்பு உப்பையும் பசையையும் தடவி உக்கார வச்சு சூடு காட்டுறது. பசை கரியாகி செம்பை வெளிய விடும். வெள்ளியும் செம்பும் சேர்ந்தா 779 டிகிரியிலயே இளகிடும், தனி வெள்ளிக்கு 961 வேணும். அந்த நடு எல்லைக்குள்ள தீயை நிறுத்தணும். கொஞ்சம் ஏறினாலும் தகடே சுருண்டுடும். சரியா வந்ததுல ரவைக்கு அடியில மெல்லிசா ஒரு கழுத்து மட்டும் தெரியும், ஊசி முனை சுத்தி வரலாம்.

வார்ப்புல இந்த சந்தே இருக்காது. அச்சுல ரவைக்கு அடியில இருக்குற சந்து அடைபட்டு, ரவை பாதி உருண்டையா குமிழ் மாதிரி நிக்கும். கூடவே ஊசிக்குத்து மாதிரி காத்துக்குழி. 18 மணியையும் வரிசையா வச்சுப் பாருங்க. ஒரு மணியில இருக்குற அதே ஊனம் அதே இடத்துல இன்னொண்ணுலயும் இருந்தா வேற பேச்சே வேண்டாம்.

முத்தியால்பேட்டை எழுதியது:

பார்த்துவிட்டேன்.

பெரியது: துளையைச் சுற்றிக் கம்பி வளையம், முனை சேர்ந்த வடு தெரிகிறது. ரவைகள் அளவில் லேசாக மாறுகின்றன. சில இடத்தில் கழுத்து தெரிகிறது, சில இடத்தில் சாமணம் சொன்ன குளம். ஒரு மணியில் ஒரு முக்கோணத்தின் உச்சி ரவை உதிர்ந்துபோய் வட்டத் தடம் மட்டும் இருக்கிறது. நடுக் கம்பிக்குக் கீழே இரண்டு கிண்ணம் சேர்ந்த கோடு.

பரங்கிக்காய்: துளை விளிம்பு உள்நோக்கி மடிந்தது. உள்ளே பழுப்பாக ஏதோ இருக்கிறது. ஆட்டினால் சத்தமில்லை.

இடைமணி: ஊசி முனை ரவைக்கு அடியில் போகவில்லை. 18இல் 11 மணியில் மூன்றாவது ரவைக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு பிசிறு. மீதி ஏழில் வேறொரு பொதுக்குறை.

சாமணம் எழுதியது:

ரெண்டு மாஸ்டர் (மூல மணி) வச்சு, மெழுகு மரம் கட்டி (மெழுகு நகலையெல்லாம் ஒரு தண்டுல கொத்தா ஒட்டி) வார்ப்பா ஊத்தினது. இடைமணி முடிஞ்சுது.

உரைகல் எழுதியது:

எடையை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடலாம், பணம் செலவழிக்கும் முன்.

18 மி.மீ. உருண்டையின் கன அளவு 3.05 கன செ.மீ. கட்டி வெள்ளியாக இருந்தால் 31 கிராமைத் தாண்டும். உங்களுடையது எட்டரைக்குள். ஆக வெற்று. மேற்பரப்பு 10.2 சதுர செ.மீ. கம்பிக்கும் ரவைக்கும் 2 கிராம் கழித்தால் தகடு அரை மி.மீ. கனம் வருகிறது. இது தாராளமான கனம். வெள்ளியில் மிச்சம் பிடிக்க நினைக்கும் பட்டறை 0.3க்கு இறங்கிவிடும்.

பரங்கிக்காய் மணியில் கணக்கு மட்டும் போதாது. 0.6 மி.மீ. தகடும் உள்ளே காற்றும் என்றாலும் 3 கிராம் வரும், 0.3 மி.மீ. தகடும் உள்ளே செங்கல் தூள் கலந்த அரக்கும் என்றாலும் கிட்டத்தட்ட அதே 3 கிராம்தான். துளைக்குள் பழுப்பு என்கிறீர்கள், அரக்காகவே இருக்கும். உறுதிசெய்யப் பலர் ஊசியைச் சுட்டுக் குத்தி வாசனை பார்ப்பார்கள். செய்யாதீர்கள், அரக்கு பொங்கி வெளியே வழியும். ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் துளைக்குள் அடியுங்கள். இயற்கை அரக்கு ஆரஞ்சாக ஒளிரும்.

தண்ணீரில் நிறுத்து அடர்த்தி பார்ப்பது வெற்று மணிக்கும் அரக்கு மணிக்கும் உதவாது, உள்ளே மாட்டிய காற்று எண்ணைக் கெடுத்துவிடும். இடைமணிக்குச் செய்யலாம். பதினெட்டையும் ஒரு மெல்லிய நூலில் கட்டி, உலர் எடை ஒன்று, நீரில் தொங்கவிட்டு ஒன்று. குமிழ் ஒட்டாமல் இருக்க நீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். உலர் எடையை வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளி 10.49, 925 என்றால் 10.3 பக்கம், ஜெர்மன் சில்வர் என்கிற செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை 8.5 சுற்றி நிற்கும்.

பிறகு நேரு வீதிப் பக்கமோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ டச் பார்க்கும் இடத்தில் எக்ஸ்ரே அடித்து உலோகக் கலப்பைப் படிக்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளி சதவீதம் மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அது போதாது. செம்பு, துத்தநாகம், ஈயம், தங்கம், நிக்கல், காட்மியம் எல்லா எண்ணும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு மணிக்கு மூன்று இடம்: தகட்டின் வெற்றிடம், ஒரு ரவைக் கூட்டம், மூட்டு.

நெல்லித்தோப்பு எழுதியது:

இதுக்கு எதுக்கு மெஷின்? உரைகல்லுல ஒரு கீறு, ஒரு சொட்டு ஆசிட், சிவந்தா வெள்ளி. அஞ்சு நிமிஷம்.

உரைகல் எழுதியது:

வெள்ளியா இல்லையா என்று தெரிய அது போதும். டைக்ரோமேட் கலந்த நைட்ரிக் அமிலம் வெள்ளியில் ரத்தச் சிவப்பு காட்டும். ஊரைக் கண்டுபிடிக்க நமக்கு வேண்டியது கலப்பு, அது அமிலத்தில் தெரியாது. மணியின் மேலேயே நேராகச் சொட்டு விட்டால் பழைய கறை போய் வெள்ளைப் பொட்டு விழும், மறுபடி வராது. ஐஸ்கட்டி உருகுகிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். செம்புக்கும் சூடு கடத்தும் திறன் வெள்ளிக்கு அடுத்தபடி. முலாம் பூசிய செம்பும் ஐஸை அதே வேகத்தில் உருக்கும். காந்தம் இரும்பைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவே.

கோர்வை எழுதியது:

தம்பி, நூலை அறுக்கும் முன் ஒரு வேலை. மாலையை வெள்ளைத் துணியில் வட்டமாகப் போட்டு நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் வரிசை எண் கொடுத்துத் தாளில் எழுதுங்கள். கழற்றிய பிறகு வரிசை திரும்ப வராது, வரிசையும் ஒரு சாட்சி.

பக்கத்து மணிகள் ஒன்றோடொன்று உரசி உரசித் தேய்வதைப் பாருங்கள். பல வருடம் ஒரே நூலில் இருந்த இரண்டு மணிக்குத் தொடும் இடத்தில் எதிரெதிர்த் தடம் இருக்கும். ஒன்றில் பள்ளம் விழுந்தால் அதற்கு நேராக மற்றதில் மழுங்கல். உங்கள் மூன்றாவது படத்தில் பெரிய மணியின் துளை வளையம் ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. அவ்வளவு தேய்க்க கனமான பக்கத்து மணி வேண்டும். இப்போது பக்கத்தில் இருக்கும் இடைமணியின் விளிம்போ கத்தி மாதிரி கூர்மையாக இருக்கிறது. ஆக இந்த இரண்டும் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

துளையின் உள்ளேயும் பாருங்கள். கழுத்தில் தொங்கும் மணியில் நூல் எப்போதும் மேல் விளிம்பில் அழுத்தும், அதனால் தேய்வு ஒரே பக்கம் ஆப்பு போல் இருக்கும். வட்டம் முழுக்கச் சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ அரம் போட்டுத் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

கறுப்பையும் நம்பிவிட வேண்டாம். தானாகக் கறுத்தது மஞ்சள், பழுப்பு, ஊதா, கறுப்பு என்று படிப்படியாக இருக்கும், கைபடாத மூலையில் அடர்ந்திருக்கும். மருந்து போட்டது எல்லாப் பள்ளத்திலும் ஒரே மையாக இருக்கும். பச்சைக் கசிவு தெரிந்தால் செம்பு கூடிய வெள்ளி. நம் கடலோர உப்புக்காற்றில் அது சீக்கிரமே வெளியே வரும்.

வில்லியனூர் எழுதியது:

அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கிருந்து வந்த மணியாக இருக்க வாய்ப்பில்லையா? மணி செய்வதற்கே பேர்போன ஊர் ஆயிற்றே.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, அரிக்கமேடு பேர் வாங்கியது கண்ணாடி மணிக்கும் கல்மணிக்கும். 1945இல் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு என்று மூன்று முறை பெரிய அகழாய்வு நடந்தது. அரிக்கமேட்டு மணி என்று ஊர் அறிந்தது இழுத்து நறுக்கிய பொடிக் கண்ணாடி மணியும், கார்னீலியன் என்ற சிவப்புக்கல், படிகம் போன்ற கல்மணியும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். முறுக்குக் கம்பியும் ரவையும் வைத்த 18 மி.மீ. வெள்ளி உருண்டையை அந்தப் பெயரில் யாராவது விற்றால் விலையைக் கூட்டத்தான்.

பூட்டில் இருக்கும் பறவைக்கு வருகிறேன், எனக்கு அதுதான் இந்த மாலையில் சுவையான விஷயம். அது வாத்து இல்லை, அன்னம் என்றே நினைக்கிறேன். பிரான்சில் செய்த வெள்ளிக்கு 1838 முதல் மினர்வா தேவியின் தலை முத்திரை. அப்போது முதல் தரம் 950, இரண்டாம் தரம் 800. அன்னம் வேறு. 1893 முதல், எங்கே செய்தது என்று தெரியாமல் ஏலத்துக்கோ விற்பனைக்கோ வரும் வெள்ளிக்குப் பிரெஞ்சுச் சோதனைச்சாலை போடுவது. அதாவது முத்திரை வைத்த அதிகாரிக்கே ஊர் தெரியவில்லை. நாம் இங்கே முட்டி மோதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதிலிருந்து இரண்டு விஷயம் பெறலாம். பூட்டின் வெள்ளி 800க்குக் குறையாது. பூட்டு ஒரு காலத்தில் பிரான்சில் கைமாறியது. வெற்று மணியில் முத்திரை அடித்தால் நசுங்கும் என்பதால் மாலைக்குப் பூட்டில் அடிப்பதே வழக்கம். அதனால் மணிகளும் கூடவே போயிருக்கலாம். பூட்டை மட்டும் பின்னால் மாற்றியும் இருக்கலாம். நம் ஊரில் பாதிக் குடும்பத்துக்குப் பிரான்சில் உறவு, ஒரு மாலை அங்கிருந்து பெட்டியில் வருவது அதிசயமில்லை. அதனால் 'பிரெஞ்சு' என்ற பாதிக்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. 'காலத்துது' என்பதற்கு இல்லை. மொராக்கோவில் பிரெஞ்சு ஆட்சியின்போது ஆட்டுக்கடாத் தலை முத்திரை இருந்தது. அது இருந்திருந்தால் வேறு கதை.

முத்தியால்பேட்டை எழுதியது:

மெஷின் எண்கள் வந்துவிட்டன.

பெரிய மணி, தகட்டில்: வெள்ளி 84.6, செம்பு 14.4, ஈயம் 0.5, தங்கம் 0.2. நிக்கல், காட்மியம் இல்லை. ரவைக் கூட்டம் 86 வெள்ளி. மூட்டில் வெள்ளி 79, துத்தநாகம் 3. ஐந்து மணியும் ஏறக்குறைய இப்படியே, ஒன்றில் மட்டும் வெள்ளி 82.

பரங்கிக்காய்: வெள்ளி 71 முதல் 77, மீதி பெரும்பாலும் செம்பு, துத்தநாகம் 2 முதல் 4. புற ஊதாவில் ஆரஞ்சாக ஒளிர்ந்தது.

இடைமணி: வெள்ளி 92.6, செம்பு 7.3, வேறு எதுவும் இல்லை. உலர் எடை 11.34, நீரில் 10.24.

பூட்டு: 81.

உரைகல் எழுதியது:

இடைமணியின் அடர்த்தி 10.3, மெஷினும் 92.6. இரண்டும் ஒத்துப்போகிறது, திடமான 925 வார்ப்பு. தங்கத் தடயமும் ஈயமும் துளிகூட இல்லாததைக் கவனியுங்கள். மின்பகுப்பில் சுத்தம் செய்த இக்கால வெள்ளி அப்படித்தான் இருக்கும். பழைய முறையில் ஈயம் சேர்த்து ஊதிப் பிரித்த வெள்ளியில் கொஞ்சம் ஈயமும் கொஞ்சம் தங்கமும் தங்கிவிடும். பெரிய மணியில் இருப்பது அது.

பெரிய மணியின் 84.6தான் இங்கே பேசும் எண். கிராமத்துத் தட்டார் பெரும்பாலும் நாணயத்தை உருக்கித்தான் வேலை செய்தார்கள். எந்த நாணயம் என்பது கலப்பில் நிற்கும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதாவது 91.7. (1940 முதல் 1945 வரை அடித்தது பாதி வெள்ளிதான்.) பிரெஞ்சு இந்தோசீனப் பியாஸ்தர் 27 கிராம், 90. மரியா தெரசா தாலர் 28.07 கிராம், 83.3. இந்தக் கடைசி நாணயம் 1780 என்ற ஒரே ஆண்டைத் தாங்கிப் பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டு, ஏமன், ஓமன், எத்தியோப்பியா எங்கும் புழங்கியது.

மெஷின் மேல்தோலை மட்டும் படிக்கிறது. திராவகத்தில் வெளுக்கும்போது மேலிருக்கும் செம்பு கரைந்து வெள்ளி கொஞ்சம் கூடித் தெரியும். 83.3 வெள்ளியில் செய்தது 84, 85 என்று காட்டுவது இயல்பு. பியாஸ்தர் வெள்ளி 84க்கு இறங்க வேண்டுமானால் வேண்டுமென்றே செம்பு கலந்திருக்க வேண்டும். ஐந்து மணியில் நான்கு அதே எண்ணில் நிற்பதால் அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. எண் மட்டும் ஊரைச் சொல்லாது. செய்முறையோடு சேர்ந்தால் சொல்லும்.

கெடிலக்கரை எழுதியது:

செய்முறையும் அதே திசையில்தான் போகிறது. அரை மி.மீ. தகட்டில் இரு கிண்ணம், நடுவே முறுக்குக் கம்பி, துளைக்குக் கம்பி வளையம், ரவையில் முக்கோணமும் சாய்சதுரமும், கைப்பிசகு: இவை ஏமன் மணிகளில் சேர்ந்து வரும் அடையாளங்கள். அங்கே வெள்ளிவேலை பெரும்பாலும் யூதத் தட்டார்கள் கையில் இருந்தது. 1949–50இல் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே போன பிறகும் இதே பாணியில் செய்தார்கள். அந்தச் சரக்கில் 925, 935 என்ற எண்ணோ நாட்டின் பெயரோ அடித்திருப்பது வழக்கம், தகடும் மெலிசு. உங்கள் மணியில் எண் இல்லை, பிற்காலப் பற்றுப்பொடியில் வரும் காட்மியம் இல்லை, நாணய வெள்ளி. அதற்கு முந்தையது என்று எழுதுவேன்.

சைகோன் பக்கம் இந்த மணி நிற்காது. இந்தோசீன மலைமக்களின் வெள்ளி என்றால் கனமான கழுத்து வளையம், சங்கிலி, உளிவேலை. ரவை பதித்த வெற்று உருண்டை அவர்கள் பாணி இல்லை.

கோர்வை எழுதியது:

ஏமன் என்பதில் எனக்கும் சம்மதம். 'சனா' என்று நகரம் வரை போகாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். ஓமனிலும் தாலர் வெள்ளிதான், ரவையும் உண்டு. ஓமன் வேலையில் வெள்ளிமேல் தங்கத் தகடு ஒட்டுவது அதிகம், புடைப்பும் பெரிதாக இருக்கும். இதில் பள்ளத்தில்கூடத் தங்கச் சாயல் இல்லை, மெஷினும் 0.2தான் காட்டுகிறது. ஆகவே ஓமன் பின்தங்குகிறது. ஆனால் ஹத்ரமவுத் போன்ற கிழக்கு ஏமன் பகுதிகளில் பாணிகள் கலந்தே கிடக்கும். "தென் அரேபியா, பெரும்பாலும் ஏமன்" என்று எழுதினால் யாரும் கை வைக்க முடியாது. 82 காட்டிய அந்த ஒரு மணியைத் தனியாக வையுங்கள். அதன் ரவை சாய்சதுரம் மற்ற நான்கிலும் இருப்பதைவிட அகலம். வேறு கையாக இருக்கலாம்.

பரங்கிக்காய் மணி ராஜஸ்தான், குஜராத் பக்கம். அச்சில் அடித்த மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. அதற்கு மேல் மாவட்டம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

நெல்லித்தோப்பு எழுதியது:

சரி, இடைமணி பாலியா ஜெய்ப்பூரா?

சாமணம் எழுதியது:

பாலி டிசைன், வார்ப்பு. வார்ப்புக்கு ஊர் முகமே கிடையாது பாஸ், ரப்பர் அச்சு இருந்தா முதலியார்பேட்டையில கூட ஊத்தலாம். "பாலி பாணி, 925, புதுசு"ன்னு எழுதிட்டு விடுங்க.

முத்தியால்பேட்டை எழுதியது:

நன்றி. கடைசியாக இரண்டு. சுத்தம் செய்வதா, எப்படி? பெரிய மணி ஒன்றின் துளையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, அது என்ன?

சாமணம் எழுதியது:

பொடி உள்ள மாட்டுன திராவகம். ஊதி முடிச்சு வெளுக்கப் போட்டப்ப உள்ள போனதை நல்லா கழுவல, இத்தனை வருஷம் உப்பா வெளிய வருது. அந்த ஒரு மணிய மட்டும் கழட்டி காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு சிட்டிகை சோடாப்பு போட்டு ஊற வைங்க, மறுநாள் வெறும் தண்ணி மாத்துங்க, உதறுங்க, திரும்ப மாத்துங்க. அப்புறம் நிழல்ல துளை கீழ பார்க்க ரெண்டு நாள் காயணும். வெயில்லயோ தீயிலயோ காட்டாதீங்க.

கோர்வை எழுதியது:

மற்ற பெரிய மணிகளுக்குப் பழைய பருத்தித் துணி மட்டும். அலுமினியத் தாளும் சோடாவும் வெந்நீரும் என்று வீடியோக்களில் வருவதைச் செய்ய வேண்டாம். கறுப்பு முழுக்கப் போய்ப் பழைய மணி நேற்றுச் செய்தது போல் ஆகிவிடும். பரங்கிக்காய் மணிக்கு வெந்நீர் கூடவே கூடாது, 70 டிகிரி தாண்டினால் அரக்கு இளகும், தண்ணீரும் உள்ளே புகும். பூந்திக்கொட்டை நீர்கூட அதற்கு வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் ஒரே மழைக்காலத்தில் கோடு போட்டுவிடும். ஒவ்வொரு வகையையும் தனித்தனி ஜிப் பையில், காற்றைப் பிதுக்கி மூடுங்கள்.

வெளிநாட்டு நிபுணருக்குக் காட்டுவதானால் படம் மட்டும் அனுப்புங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று தீர்ந்தால் 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளியே அனுப்ப முடியாது.

திரும்பக் கோர்ப்பதானால் ஐந்து பெரியதை மட்டும் ஒரு நூலில். மெழுகு தடவிய பருத்தி நூல் இரட்டையாக, மணிக்கு மணி நடுவில் முடிச்சு, முடிச்சு துளைக்குள் போகாத பருமன். 2.5 மி.மீ. துளைக்கு 1 மி.மீ. நூலை இரண்டு சுற்று முடிந்தால் நிற்கும். எஃகுக் கம்பி வேண்டாம், ஏற்கெனவே ஆப்பாகத் தேய்ந்த வளையத்தை அது வாள் போட்டு அறுக்கும். அன்னப் பூட்டை அதிலேயே மாட்டுங்கள். 82 டச் மணி பூட்டுக்குப் பக்கத்தில் வரட்டும், அடையாளம் தெரியும்.